பாட்டால் படை நடத்திய பெருமகன்

(சுங்கை பூலோவில் நடைபெற்ற அறநிதி ஆண்டு விழாவில் ஆற்றிய நினைவுரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இவ்விழாவில் மறைந்த பெரியவர் ஒருவரை நினைவுகூர்ந்து பேசுவது வழக்கமாக இருந்து வருகிறது. இம்முறை அந்தப் பொறுப்பை எனக்கு அளித்தபோது, படைவீரராகவும் இசைவாணராகவும் வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். நான் தேர்ந்துகொண்ட பெயர் கேப்டன் ராம்சிங் தாக்கூர். இவர் தமிழர் அல்லர். இந்நாட்டிலே பிறந்தவரும் அல்லர். இமயமலை அடிவாரத்தில் பிறந்த கூர்க்கா வீரர். 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் லக்னோ நகரில் காலமானார். அவரை ஏன் சுங்கை பூலோவில் நினைக்க வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

ஒரு வரியில் சொல்வதானால், நம் தோட்டங்களிலிருந்து புறப்பட்டுப் போன பாட்டன்மாரும் பாட்டிமாரும் எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்களோ, அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் இவர். அவர்களை நாம் மறந்தால் இவரையும் மறப்போம். இவரை நினைத்தால் அவர்களையும் நினைத்தே ஆகவேண்டும்.

ராம்சிங் அவர்கள் 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தர்மசாலாவை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். பின்னாளில் இந்தியா விடுதலை பெற்றதும் அதே ஆகஸ்டு 15-ஆம் நாளில்தான் என்பது ஓர் அழகிய பொருத்தம். இளம் வயதிலேயே கூர்க்கா ரைபிள்ஸ் முதலாம் ரெஜிமெண்டின் இரண்டாவது பட்டாளத்தில் பாண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தார். மேனாட்டு வாத்தியங்களை அங்கேதான் கற்றார். வயலினும் காற்று வாத்தியங்களும் அவருக்குக் கைவந்தன. மலைநாட்டு மெட்டுகளைப் பிறந்த ஊரிலேயே கேட்டு வளர்ந்தவர். இரண்டும் சேர்ந்துதான் அவருடைய இசையாயிற்று.

பட்டாளத்திலே பாண்டு வாசிப்பது சொகுசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்துப் படைகளில் பாண்டு வாசிக்கிறவர்கள், சண்டை வந்துவிட்டால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமக்கப் போவது வழக்கம். இசையும் சேவையும் வேறு வேறல்ல என்ற பாடத்தைப் படைவீரர்கள் இப்படித்தான் கற்றார்கள்.

1941-ஆம் ஆண்டில் அவருடைய பட்டாளம் மலாயாவுக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் வடக்கே தரையிறங்கியபோது, கெடாவில் ஜித்ராவை ஒட்டி நடந்த முதல் சண்டையிலேயே இப்பட்டாளம் பலத்த அடி வாங்கியது. மிஞ்சியவர்கள் பின்வாங்கிப் பின்வாங்கிப் பேராவின் தெற்கெல்லைக்கு வந்தார்கள். 1942 ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் விடியுமுன்னே சாலையைப் பிளந்துகொண்டு வந்தன. சாலையோரம் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்த இந்தக் கூர்க்காப் பட்டாளத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவை பாய்ந்தன. பட்டாளம் சிதறிப் போயிற்று. நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து சிலிம் ரிவர் நூறு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. நான்கே நாளில், ஜனவரி 11-ஆம் நாள், கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து, சிங்கப்பூர் பேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஒன்றுகூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். எந்த அரசுக்காகப் போரிட்டார்களோ, அந்த அரசின் அதிகாரிகளே அவர்களை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அந்த மனக்காயத்திலிருந்துதான், கேப்டன் மோகன்சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய ராணுவம் பிறந்தது. சேர்ந்தவர்களும் உண்டு, எடுத்த சத்தியத்தை மீறமாட்டோம் என்று கைதிகளாகவே இருந்து துன்புற்றவர்களும் உண்டு. இரு சாராரையும் நாம் மதிக்க வேண்டும். ராம்சிங் சேர்ந்தார். அவர் கொண்டுபோன ஆயுதம் அவருடைய வாத்தியம்.

1943 ஜூலை 2-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அவரை வரவேற்ற பாட்டை இசைத்தது ராம்சிங்கின் குழு. நேதாஜி ஒன்றை உடனே உணர்ந்துகொண்டார். இந்தப் படையிலே பஞ்சாபியர் இருக்கிறார்கள், கூர்க்காக்கள் இருக்கிறார்கள், தமிழர் இருக்கிறார்கள், மலையாளிகள் இருக்கிறார்கள். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. ஆனால் எல்லோரும் சேர்ந்து பாட முடியும். ஆகவே அவர் ராம்சிங்கிடம் ஒரு வயலினைப் பரிசாகக் கொடுத்தார். அந்த வயலினைத் தம் வாழ்நாள் முழுவதும் கண்போலக் காத்துவந்தார் ராம்சிங்.

அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், சிங்கப்பூர் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அமைக்கப்பட்டது. அந்த அரசுக்கு ஒரு தேசியப் பாடல் வேண்டும். கவி ரவீந்திரநாத தாகூரின் வங்கப் பாடலை அடியொற்றி, எல்லோரும் விளங்கிக்கொள்ளும் எளிய இந்துஸ்தானியில், ஆபித் ஹசனும் மும்தாஜ் ஹுசைனும் ஒரு பாடலை ஆக்கினார்கள். அதைப் படைக்குழு வாசிப்பதற்கேற்ற இசையாக அமைத்துத் தந்தவர் ராம்சிங். நேதாஜி தமக்குச் சொன்ன கட்டளையை ராம்சிங் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். படை வீரர்கள் அதைப் பாடும்போது கேத்தே கட்டடம் இரண்டாகப் பிளந்து ஆகாயம் தெரிய வேண்டும். தேவர்கள் மூவண்ணக் கொடியின்மேல் பூமாரி பொழிய வேண்டும். அப்படி இருக்க வேண்டும் இசை என்றாராம். ஓர் இசைவாணருக்கு இதைவிடப் பெரிய கட்டளையை யார் கொடுக்க முடியும்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். இன்றைய இந்திய தேசிய கீதத்தின் மெட்டையே ராம்சிங்தான் படைத்தார் என்று அன்பு மிகுதியால் சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. தாகூரின் பாடல் 1911-ஆம் ஆண்டிலேயே கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் பாடப்பட்டுவிட்டது. அந்த மெட்டை ஒரு படை நின்று வணங்கும் கம்பீரத்தோடு பாண்டு வாத்தியத்துக்கு அமைத்ததே ராம்சிங்கின் பணி. அது ஒன்றும் சிறிய பணியல்ல. பெரியவர்களுக்குப் புகழ் சேர்க்கிறோம் என்று இல்லாததைச் சேர்த்தால், அவர்கள் உண்மையில் செய்ததும் ஐயத்துக்கு இடமாகிவிடும். நினைவுரை ஆற்றுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

இதைவிட நமக்கு நெருக்கமானது அவர் மெட்டமைத்த நடைப் பாட்டு. வம்சீதர் சுக்லா எழுதிய ‘கதம் கதம் படாயே ஜா’ என்ற பாடல் அது. ‘கதம்’ என்றால் நடக்கும்போது எடுத்து வைக்கும் அடி. படை நடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி வைப்பது பொதுவான அளவு. இடது காலும் வலது காலும் விழுகிற இடத்தில் பாட்டின் அழுத்தமும் விழுமாறு அந்த மெட்டு அமைந்திருக்கிறது. சுருதி மிக மேலே போவதில்லை. மிகக் கீழே இறங்குவதும் இல்லை. சங்கீதம் பயின்றவர்தான் பாட முடியும் என்ற நிலை கிடையாது. முன்னே ஒருவர் ஓர் அடி சொல்ல, பின்னே வருகிறவர்கள் பிடித்துக்கொள்ளலாம்.

நம் பஜனை மடங்களிலே நாமாவளி பாடுவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். சமஸ்கிருதம் தெரியாதவரும் தாளத்தை விடாமல் பாடுகிறார். அதே பழக்கம் இங்கே துணை செய்தது. தோட்டத்திலே பாலெடுத்துவிட்டு, மாலையில் கோயில் திண்ணையில் ஹார்மோனியமும் டோலக்கும் வைத்துக்கொண்டு பாடிப் பழகியவர்கள் நம் மக்கள். அவர்களுக்கு இசை பிழைப்பல்ல. நாளெல்லாம் உழைத்த உடம்புக்கு அது ஆறுதல், ஒரு பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்குப் பாடகர்கள்தான் முகாமுக்குப் போனதும் படையின் பாடகர்கள் ஆனார்கள்.

எத்தனையோ பேர் இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள். லயத்து வீட்டில் பிறந்து, பால்மரத்தடியிலே வளர்ந்தவர்கள். கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் ஈப்போவிலும் இருந்த பயிற்சி முகாம்களில் அவர்கள் சேர்ந்தார்கள். படையின் பொதுமொழி இந்துஸ்தானி. அதையும் ரோமன் எழுத்தில்தான் எழுதினார்கள். தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்புவரை படித்த பிள்ளைக்கு அந்த எழுத்தும் தெரியாது, அந்த மொழியும் தெரியாது. ஆனால் பாட்டு மனப்பாடம் ஆயிற்று. மொழிப்பாடம் செய்யத் தவறியதை ராம்சிங்கின் மெட்டு செய்து முடித்தது.

எல்லோரும் நாட்டுப்பற்றால் மட்டுமே சேர்ந்தார்கள் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அது ஜப்பான்காரன் காலம். ரப்பருக்கு விலையில்லை, தோட்டத்தில் வேலையில்லை, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட, தோட்டத்து ஆண்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அங்கே காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். சயாம் மரண ரயிலுக்குப் போவதைவிடப் படையில் சேர்வது மேல் என்று எண்ணிச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அதே ஜப்பானியரால் நம் அண்டை வீட்டுச் சீனர்கள் பட்ட துன்பத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. வரலாறு இப்படித்தான் பல நூல்கள் கலந்த துணியாக இருக்கிறது. ஆனால் எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தாலும், முகாமுக்கு வந்த பிறகு அவர்கள் நிமிர்ந்து நின்றார்கள் என்பதே உண்மை. தோட்டத்தில் துரைக்கும் கிராணிக்கும் கைகட்டி நின்றவன், அங்கே முதன்முதலாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். அந்த நடைக்குத் தாளம் கொடுத்தது இந்தப் பாட்டு.

பெண்களும் பின்தங்கவில்லை. சென்னையில் வளர்ந்து மருத்துவம் படித்துச் சிங்கப்பூருக்கு வந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. நமது கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர், நேதாஜியின் பேச்சைக் கேட்டுத் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டாரின் தயக்கத்தையும் மீறி அப்படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பர்மாவில் அப்படையின் முன்னணித் தளபதிகளுள் ஒருவராக விளங்கினார். 1945-இல் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, குண்டு வீச்சுக்கு அஞ்சிப் பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் அந்தப் பெண்கள் வந்தார்கள். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் நாட்டுக்கும் சமுதாயத்துக்கும் தொண்டாற்றி, மேலவை உறுப்பினராகவும் இருந்து, 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்று, 2014-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கோலாலம்பூரில் மலாயா இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக வந்த ஜான் திவி அவர்களும் நேதாஜியின் இயக்கத்திலிருந்து வந்தவரே. கூடிப் பேசவும், அணிவகுக்கவும், கேட்கவும் நம் மக்கள் கற்றுக்கொண்ட இடங்களில் அந்த முகாம்களும் ஒன்று.

போர்முனையில் என்ன நடந்தது என்பது நீங்கள் அறிந்ததே. 1944-இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. மழையிலும் சேற்றிலும் நோயிலும் பட்டினியிலும் திரும்பி நடந்தவர்களில் பலர் வீடு வந்து சேரவில்லை. 1945 ஜூலை 8-ஆம் நாள் நேதாஜி சிங்கப்பூர்க் கடற்கரையில் இந்திய தேசிய ராணுவத்தின் மாவீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டு செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்தச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கல் நின்றது ஏறத்தாழ இரண்டு மாதமே. அந்த இடத்தைக் குறித்துச் சிங்கப்பூர் அரசு ஒரு நினைவுப் பலகை வைக்க 50 ஆண்டுகள் ஆயின. 1995-ஆம் ஆண்டில்தான் அது வைக்கப்பட்டது.

ஆனால் பாட்டை யாரால் வெடிவைத்துத் தகர்க்க முடிந்தது? பிரிட்டிஷார் அதற்கும் தடை விதித்துத்தான் பார்த்தார்கள். இன்று அதே பாட்டு இந்திய ராணுவத்தின் அணிவகுப்பு இசையாக ஒலிக்கிறது. எந்தப் படையை அழிக்க நினைத்தார்களோ, அந்தப் படையின் பாட்டு சுதந்திர இந்தியாவின் படைக்கே நடைப் பாட்டாயிற்று. பெருமக்களே, நினைவுச் சின்னம் எழுப்புவது நல்லதுதான். நான் அதற்கு எதிரானவன் அல்லன். ஆனால் மக்கள் நாவிலே இருக்கிற சின்னத்தை எவரும் இடிக்க முடிவதில்லை.

போர் முடிந்தபின் ராம்சிங் மற்ற வீரர்களோடு கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மீது வழக்கு நடந்தது, நாடே கொதித்தெழுந்தது, கைதிகள் பலர் விடுவிக்கப்பட்டார்கள். 1947-இல் விடுதலை வந்தபோது, அதே செங்கோட்டையில் பண்டித நேருவின் முன்னிலையில் ராம்சிங்கின் குழு வாசித்தது. தோழர்கள்மீது வழக்கு நடந்த இடத்திலேயே வாசிக்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இவ்வளவு பெரிய வரலாற்றுக்குச் சொந்தக்காரர், அதைச் சொல்லிச் சொல்லியே காலம் தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1948-ஆம் ஆண்டில் லக்னோவில் உத்தரப் பிரதேச ஆயுதப் போலீசின் பாண்டுக் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். 1974-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை, 26 ஆண்டுகள் இளைஞர்களுக்கு வாத்தியம் பழக்கினார். புதிதாக வந்த ஒரு பையனுக்கு ஊதுகுழலை எப்படிப் பிடிப்பது, மூச்சை எப்படி அடக்குவது, பக்கத்திலே நிற்பவன் வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டே தன் பாகத்தை எப்படி வாசிப்பது என்று நாள்தோறும் சொல்லிக் கொடுக்கிற வேலை. அதில் ஆரவாரம் கிடையாது. ஆனால் இசை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போவது இப்படித்தான். 1979-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேச சங்கீத நாடக அகாடமி அவருக்கு விருது வழங்கியது. முதுமையிலும் தம்மைத் தேடி வந்தவர்களுக்கு நேதாஜி கொடுத்த வயலினை எடுத்து வாசித்துக் காட்டினார்.

பெரியோர்களே, தாய்மார்களே! இனி நம் ஊருக்கு வருகிறேன்.

சுங்கை பூலோ என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது பெரிய மருத்துவமனையும் ரயில் நிலையமும் பூச்செடி விற்கும் நர்சரிகளும்தான். இந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்க் காடாக இருந்தது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இங்கேதான் பரந்து கிடந்தது, ஆர்.ஆர்.ஐ. என்று சொன்னால் பெரியவர்களுக்கு உடனே விளங்கும். எல்மினா போன்ற தோட்டங்கள் அக்கம்பக்கத்தில் இருந்தன. 1930-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பும் இங்கேதான் இருக்கிறது. அங்கே உறவினரால் கைவிடப்பட்டு வந்த பல இனத்து மக்கள், தங்களுக்கென ஓர் ஊரையும் வழிபாட்டு இடங்களையும் அமைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இன்று ஆர்.ஆர்.ஐ. நிலம் குவாசா டாமான்சாரா நகரமாகிவிட்டது. எல்மினாவும் புதிய குடியிருப்பாக மாறிவிட்டது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. வளர்ச்சி வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது நாம் எதை எடுத்துக்கொண்டு வந்தோம், எதை விட்டுவிட்டு வந்தோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாமியை எடுத்துக்கொண்டு வந்தோம், கோயிலைக் கட்டினோம். பள்ளிக்கூடத்தைப் போராடிக் காப்பாற்றினோம். ஆனால் லயத்து வீட்டுச் சுவரிலே மாட்டியிருந்த புகைப்படம் என்ன ஆயிற்று? தகரப்பெட்டியில் பாட்டி வைத்திருந்த பழைய பாட்டு நோட்டு என்ன ஆயிற்று? பஜனைக் குழுவின் ஹார்மோனியம் என்ன ஆயிற்று? இரண்டறை அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகும்போது இடம் போதாதென்று எத்தனை வீடுகளில் அவை குப்பையோடு போயினவோ! யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றாடப் பிழைப்பே பெரும்பாடாக இருந்த காலத்தில் எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். 1943-இல் படையில் சேர்ந்தபோது பதினாறு வயதாக இருந்தவர், இன்று உயிரோடிருந்தால் நூறு வயதை நெருங்கியிருப்பார். அந்தத் தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது. ராம்சிங்கைப் பற்றி நாம் இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம், அவர் இருக்கும்போதே சிலர் போய்க் கேட்டு எழுதி வைத்தார்கள். நம் தோட்டங்களிலிருந்து போன வீரர்களில் பெரும்பாலோரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. ஆயினும் அவர்கள் பாடிக் கேட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுபது, எண்பது வயது இருக்கும். ‘அப்பா திண்ணையில் உட்கார்ந்து இந்திப் பாட்டு ஒன்று பாடுவார், அர்த்தம் தெரியாது’ என்று சொல்லக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். அவர்களும் போய்விட்டால் பிறகு கேட்பதற்கு ஆள் கிடையாது. இதைத்தான் நான் அவசரமென்று கருதுகிறேன்.

ஆகவே அறங்காவலர்கள்முன் சில வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, இந்த வட்டாரத்து முதியவர்களைத் தேடிப் போய், அவர்கள் கேட்ட பாட்டையும் கண்ட வாழ்க்கையையும் ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. இங்குள்ள ஒவ்வோர் இளைஞரின் சட்டைப்பையிலும் அதற்கான கைத்தொலைபேசி இருக்கிறது. வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுமையாகக் கேட்கும் காதும்தான். பேசியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரிடம் கேட்டது என்பதைத் தவறாமல் எழுதி வைக்க வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுங்கள். அழகுக்காக எதையும் கூட்ட வேண்டாம்.

இரண்டாவது, வீட்டிலே கிடக்கும் பழைய வாத்தியங்களையும் புகைப்படங்களையும் பாட்டு நோட்டுகளையும் தூக்கிப் போடாமல் அறநிதியிடம் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடி அலமாரி போதும். விசாலமான அருங்காட்சியகம் கட்டும்வரை காத்திருந்தால் வைப்பதற்குப் பொருளே இராது.

மூன்றாவது, இசை படிக்க விரும்பும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும். கல்விக்கு உதவித்தொகை கொடுக்கிறோம்; அது மிகச் சிறந்த அறம். அதோடு ஒரு மிருதங்கமோ ஒரு வயலினோ வாங்கிக் கொடுத்து, ஓர் ஆசிரியரையும் அமர்த்தினால், அந்தப் பிள்ளை மாலை நேரத்தில் எங்கே இருக்கிறான் என்று தாய் கவலைப்பட வேண்டியதில்லை. உருமி மேளத்தில் ஆர்வம்கொண்டு சேரும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் கண்டிப்பதற்கு ஆள் இருக்கிறது. கற்றுக்கொடுப்பதற்குத்தான் ஆள் குறைவு. சேர்ந்து வாசிப்பதற்கு அடக்கம் வேண்டும், நேரந்தவறாமை வேண்டும், பக்கத்தில் நிற்பவனை மதிக்கும் குணம் வேண்டும். 26 ஆண்டுகள் ராம்சிங் தம் பாண்டுக் குழுவுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதானே?

ஓர் ஆலயத்தைச் சேர்ந்த அறநிதி இதையெல்லாம் செய்ய வேண்டுமா என்று கேட்கலாம். நம் முன்னோர் கோயிலிலே விளக்குக்கு நிவந்தம் வைத்தார்கள். அதைப் போலவே பாடுகிறவர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நிவந்தம் வைத்தார்கள் என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. நாதசுரம் ஒலிக்காமல் நமக்குப் பூசையில்லை. வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துவைத்தார். நன்றி மறவாமை என்பது மாலை போட்டுப் படத்தைத் தொழுவதோடு முடிவதில்லை. ஒருவர் விட்டுச் சென்ற வேலையை நாம் கையிலெடுத்துச் செய்வதே அவருக்குச் செய்யும் நன்றி.

கேப்டன் ராம்சிங் நமக்கு உறவினர் அல்லர். நம் மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் நம் மண்ணிலிருந்து போன ஏழைத் தோட்டத் தொழிலாளியின் காலுக்கு ஒரு கம்பீரமான நடையைக் கொடுத்தவர் அவர். அவருக்கும், அவர் மெட்டமைத்த பாட்டைப் பாடிக்கொண்டே நடந்து, பெயரும் எழுதப்படாமல் மறைந்துபோன நம் பாட்டன்மாருக்கும் பாட்டிமாருக்கும், சயாம் ரயில் பாதையில் மாண்ட நம் உறவினர்க்கும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதன்பின், வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அவருக்குத் தெரிந்த பழைய பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.